துப்பாக்கி எடுக்காதவன்

திருவிருந்துக்கு முன் சபையார் ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கைத் தொடங்கும் பொறுப்பை மூப்பர் வீபே, கொர்னேலியஸிடம் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். கொள்ளைக்காரர்கள் பக்கத்து ஊரைக் கொளுத்திய வருடம் நம் வாலிபர்கள் ஆறு பேர் துப்பாக்கி தூக்கினார்கள், இவன் ஒருவன்தான் ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்ற ஆண்டவர் சொல்லைக் காத்து வீட்டில் இருந்தான் என்று சபை முன்னால் சொன்னார். அடுத்த வாரம் புதுப் பிரசங்கியாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் பெயர் வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

கொர்னேலியஸ் தலைகுனிந்தான். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவனான அப்ரம் அன்றைக்கு ஊர்க்காவலுக்குக் கூப்பிட வந்து கதவைத் தட்டியபோது கொர்னேலியஸ் ஆண்டவரை நினைக்கவே இல்லை. தொழுவத்துப் பரணில் வைக்கோலுக்குள் புகுந்து பல் கிட்டிப்போய்க் கிடந்தான். யாரோ அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார்கள், அவன் மறுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, சத்தியமே பண்ணக்கூடாது என்று வாழும் கூட்டத்தில் அவன் வாயைத் திறக்காமலே பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆயுதம் எடுத்த குற்றத்துக்காக ஆறு பேரும் திருவிருந்துக்கு முந்தின நாளே சபை முன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அப்ரம் முதல் பெஞ்சில் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கொர்னேலியஸ் இடுப்பில் துண்டைக் கட்டி மண்டியிட்டான். அப்ரமின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. ஊர்க்காவல் நின்ற குளிர்காலத்தில் பனி தின்றுவிட்டது.

“நான் பயந்துதான் வரல, அப்ரம்,” என்றான் தண்ணீரைப் பார்த்தபடி.

“தெரியும்டா. பரண் ஏணிக்குக் கீழ உன் மரச்செருப்பு கெடந்துச்சு. பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அடுத்த வாரம் மேடையேறி எனக்கே புத்தி சொல்லுவ. அந்தக் கொடுமைய வேற நான் கேக்கணும்.”

கழுவியபின் எழுந்து தழுவி முத்தமிடுவது முறை. அப்ரம் கைநீட்டினான். கொர்னேலியஸ் துண்டை அவிழ்த்துப் பெஞ்சில் வைத்துவிட்டு மூப்பரிடம் போனான். இன்னும் ஐந்து பேர் காத்திருக்கிறார்களே என்றார் அவர்.

“நேத்தே நானும் எழுந்து நின்னுருக்கணும், ஐயா.”

“நீ துப்பாக்கியத் தொடலையே, தம்பி.”

“தொடல. ஆண்டவருக்காக இல்ல. என் உயிருக்குப் பயந்து. இத்தனை நாளா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி தீனா கழுத்துவரை சிவந்து மடியைப் பார்த்தாள். மூப்பர் வாசலைக் காட்டினார். தப்பை அறிக்கையிட்டவன் சபை முடிவு சொல்லும்வரை வெளியே நிற்க வேண்டும்.

வண்டிக் குதிரைகளுக்கு நடுவே போய் நின்றான். உள்ளே பேச்சு நடந்தது. ஒரு வார்த்தைகூடத் தெளிவாகக் கேட்கவில்லை. முகம் நெருப்பாய் எரிந்தது. ஆனாலும் கூப்பிடுகிறவரை வாசலைப் பார்த்தபடியே நின்றான்.