நிறைக்கு நிறை

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஜெகநாதன் வாத்தியார் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. நிலாக்கல் சார் என்றால்தான் தெரியும். பள்ளிப்பட்டு ரோட்டுக் குவாரியில் ஆறு கருங்கல் பொறுக்கி, ஒவ்வொன்றும் மூன்று கிலோ வரும்படி நிறுத்துப் பார்த்து, ஒரு சாக்குப் பையில் போட்டு வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் வரும் அன்று பையை ஒற்றைக் கையால் தூக்கி மேசைமேல் வைப்பார். ஒரு பிள்ளை வந்து தூக்கிப் பார்த்து முக்கும். ஐந்து கல்லை வெளியே எடுத்துவிட்டு மறுபடி தூக்கச் சொல்வார்.

"இப்ப நீ நிலாவுல நிக்கற. அங்க ஆறு கல்லும் சேர்ந்து இந்த ஒரு கல்லு கனம்தான் கனக்கும்."

"மீதி அஞ்சு கல்லு எங்க சார் போச்சு?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள்.

"கல்லு எங்கயும் போவல. எடைதான் குறையும், நிறை குறையாது. இழுக்கிற நிலாதான் சோப்ளாங்கி."

போன வருஷம் சென்னை ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். எழுபது கிலோ ஆள் ஐம்பத்திரண்டாக வீடு திரும்பினார். ஜூன் மாதம் வேலையில் சேர்ந்து, அந்தப் பாடம் வந்த அன்று பழைய நினைப்பில் பையைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் வரவில்லை. நான்கு பிள்ளைகள் ஓடி வந்து, மரியாதையாக ஆளுக்கொரு மூலை பிடித்து மேசைமேல் வைத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் லீவு போட்டார். கற்களை ஆட்டோவில் கொண்டுவந்து வீட்டுப் பின்பக்கம் போட்டார். விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

மனைவி நிர்மலா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அதே பையில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம முருகன் மலைக்குப் போறோம் பாவா. ஆஸ்பத்திரில வேண்டிக்கினது பாக்கி இருக்குது," என்றாள். மாமன் மகள், கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் அவள் வாயில் அத்தான் இன்னும் பாவாதான்.

வேண்டுதல் துலாபாரம், அவர் நிறைக்கு நிறை வெல்லம். தராசில் ஏறிக் காலைத் தொங்கவிட்டு ஊர் பார்க்க உட்கார வேண்டும். வகுப்பு பார்த்தது போதாதா என்று இருந்தது அவருக்கு. ஆனாலும் முருகனிடம் சொன்னது, மறுக்க முடியவில்லை.

மலைமேல் தராசு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் வேடியப்பன், அவரிடம் படித்தவன். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நிர்மலா கொண்டுவந்த வெல்லத்தை ஒரு தட்டில் அடுக்கிவிட்டு, "ஏறுங்க சார்," என்றான்.

ஏறினார். வெல்லத் தட்டு தரையில் டொக்கென்று அமர்ந்தது. இவர் தட்டு மேலே போய் நின்றது. வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவமானமாக இருந்தது.

"வெல்லம் ஜாஸ்தி மா. கொஞ்சம் எறக்கிடவா?"

"வாணாம். எழுவது கிலோ, கணக்காதான் வாங்கினேன்."

"நான் இப்ப அம்பத்திரெண்டுதான் நிர்மலா," என்றார் மேலிருந்து.

"அது எடை. நான் வேண்டிக்கினது நெறைக்கு. நெறை கொறையாதுன்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க?"

தப்பு. சதை போனால் நிறையும் போகும். ஒன்பதாம் வகுப்பில் இப்படி எழுதினால் முட்டை போட்டிருப்பார். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், தங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். அவர் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது அந்தச் சாக்குப் பை.

"கல்லு எதுக்கு மா?" என்றான் வேடியப்பன்.

"சாமிக்கு வெல்லம்தான். கல்லு சார் பக்கம்."

வேடியப்பன் பைக்குள் பார்த்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தான். நான்காவது கல்லுக்கும் தட்டு அசையவில்லை. ஐந்தாவதுக்கும் அசையவில்லை. ஆறாவதை வைத்ததும் மெல்ல இறங்கியது. வெல்லம் எழுந்தது. இரண்டு தட்டும் சமமாக நின்றன.

"சரியா கீது சார். ஆறும் கீது," என்றான் வேடியப்பன்.

தொடை வலித்தது. அந்த வலி அவருக்குப் பிடித்திருந்தது. கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நிர்மலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே இறங்கும்போது ஆட்டோக்காரர் கேட்டார். "கல்ல பழையபடி வூட்டுப் பின்னாலயே போட்டுடவா சார்?"

ஜெகநாதன் கடிதம் இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"வாணாம். நாளைக்குக் காலைல வந்துடுங்க. ஸ்கூலுக்குக் கொண்டு போவணும். தூக்கறதுக்குப் பசங்க இருக்காங்க."