பாண்டுரங்கனின் குடல்வால்

சகாய பிரியாவுக்கு அவசரமாக ஒரு குடல்வால் தேவைப்பட்டது.

விழுப்புரத்தில் டாக்டர் ஸ்டீபன்ராஜின் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். பெயர்தான் பெத்த பேர். நாலு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் ஊராரின் மூத்திரமும் மலமும்தான். அந்தப் பெஞ்சிலிருந்து தப்பிக்க 2012 ஆடி மாதத்தில் ஒரு வழி பிறந்தது. டாக்டர் சென்னையிலிருந்து ஆன்டிபாடி குப்பி ஒன்று வாங்கி வந்தார்.

"செல்லு டி.என்.ஏவை நகல் எடுக்கறப்ப தப்பு விழும்மா. அதைத் திருத்த ஒரு புரோட்டீன் இருக்கு. அது இருந்தா இந்த ஆன்டிபாடி போய் ஒட்டிக்கும், அந்த எடம் பழுப்பாயிடும். இல்லன்னா வெறும் நீலம். குடல் புற்றுநோய்க் கட்டி ஒண்ணு வந்திருக்கு. சனிக்கிழமைக்குள்ள நீ சரியா பண்ணிட்டா இனிமே உனக்கு இந்த வேலைதான். இல்லன்னா கட்டி சென்னைக்கு, நீ பழைய பெஞ்சுக்கு."

கூடவே ஒரு கண்டிஷன். புற்றில்லாத குடல் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சாயமேற்ற வேண்டும். அது பழுப்பானால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்ப முடியும். குடல்வால் அதற்கு உத்தமம். ஆனால் அந்தப் பக்கத்து சர்ஜன்களோ வெட்டியெடுத்ததைப் பாட்டிலில் போட்டு சொந்தக்காரர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். போதாததற்கு ஆடி. வயிற்றுவலிக்காரர்கள்கூட ஆவணி பிறக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பிரியாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பண்ணும் பாண்டுரங்கன் ஞாபகம் வந்தது. சர்க்கரை பார்க்க வரும்போதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த தன் குடல்வால் ஆபரேஷனைப் பற்றியே பேசுவார். அன்றே பஸ் ஏறினாள்.

பாண்டுரங்கன் வீட்டு ஷோகேசில், கபடிக் கோப்பைக்கும் தாஜ்மகால் பொம்மைக்கும் நடுவே, ஹார்லிக்ஸ் பாட்டிலில் குடல்வால் மிதந்தது. சதை அழுகாமலிருக்க மாதா மாதம் பார்மலின் மாற்றிப் பராமரித்துவந்தார்.

"நாலு இஞ்ச்சும்மா! டாக்டரே அசந்துட்டாரு."

"இதுல ஒரு துண்டு குடுங்க சார். ஒரு மனுசருக்கு வந்திருக்கற புற்றுநோய் எப்படிப்பட்டதுன்னு பாக்கணும்."

"துண்டா? முழுசா வச்சிருக்கறதுலதாம்மா கெத்தே இருக்கு."

"மல்லாட்டையில சொத்தை பொறுக்க ஆளு வச்சிருக்கீங்க இல்ல? அந்த மாதிரி செல்லுக்குள்ள தப்பு பொறுக்கற ஆளு ஒண்ணு இருக்கு சார். உங்க குடல்ல அது கண்டிப்பா இருக்கும். அதை வச்சித்தான் அவருக்கு இருக்குதா இல்லையான்னு சொல்ல முடியும்."

"என் குடல்வாலு அந்தாளுக்கு வழிகாட்டுதுன்னு சொல்ற."

"ஆமா சார்."

அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "சரி. ஆனா நானே எடுத்துக்கினு வருவேன்."

மனைவி கிருஷ்ணவேணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கு காட்டற அக்கறையில பாதிய எங்கிட்ட காட்டியிருந்தா நான் எப்பவோ குண்டாயிருப்பேன். எடுத்துக்கினு போம்மா, ஷோகேசாவது சுத்தமாவட்டும்."

பஸ்ஸில் பாட்டில் பாண்டுரங்கன் மடியில் உட்கார்ந்து வந்தது. பக்கத்து சீட்காரர் ஊறுகாயா என்று கேட்டார். விழுப்புரத்தில் இறங்கும்வரை அவருக்கு விளக்கம் நடந்தது.

பிரியா நுனியில் ஒரு துண்டு வெட்டினாள். "மெதுவாம்மா!" என்று பாண்டுரங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியும் ரிசல்ட் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மெழுகில் பதித்துச் சீவிய துண்டுகள் கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருந்தன. பார்மலின் சதையை இறுக்கிப் புரோட்டீனைப் பூட்டி வைக்கும். குக்கரில் வேகவைத்தால்தான் பூட்டுத் திறக்கும். அதனால் இரண்டு சில்லையும் மருந்து நீரில் போட்டு, கேஸ் அடுப்பில் குக்கரை ஏற்றினாள் பிரியா. ஆன்டிபாடி குப்பியோடு வந்த காகிதத்தில் எழுதியிருந்தபடி இரண்டு விசில். பிறகு ஆன்டிபாடி, பிறகு சாயம்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டியும் நீலம், குடல்வாலும் நீலம். ஒண்ணும் சொல்ல முடியாது. பேக் பண்ணும்மா, சாயங்காலம் சென்னைக்கு அனுப்பிடலாம்."

பிரியாவுக்குக் கண்ணீர் முட்டியது. மூலையில் மூத்திரக் குப்பிகள் வரிசையாக நின்று வா வா என்றன.

"இன்னா சார், எங்குடல்வாலு பெயிலா?" பாண்டுரங்கன் துள்ளி எழுந்தார். "ரெண்டு வருசமா ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே!"

கிருஷ்ணவேணியின் கண் குக்கர் மேலேயே இருந்தது. "ஏம்மா, எத்தினி விசில் வச்ச?"

"ரெண்டுக்கா."

"ரெண்டா! இளங்குட்டிக் கறிக்கு ரெண்டு விசில் போதும். இது ரெண்டு வருசம் ஊறி வெறச்சிப்போன கெழம். இந்தாள மாதிரியே. ஆறு விசிலாவது வேணாமா?"

"சும்மா இருடி, சயின்ஸ் நடக்குது" என்றார் பாண்டுரங்கன்.

பிரியா நிமிர்ந்தாள். "சார், அக்கா சொல்றது சரிதான். ரொம்ப நாள் ஊறினதால பூட்டு கெட்டியாயிருக்கும். அந்தக் கட்டியும் மூணு வாரம் பார்மலின்ல கிடந்துட்டுதானே வந்துது? ரெண்டையும் சேர்த்து இன்னும் நல்லா வேகவைக்கறேன். குப்பியில இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி பண்ணு."

புதுச் சில்லுகள் குக்கருக்குள் போயின. கிருஷ்ணவேணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணினாள். ஐந்தாவது விசிலில் பிரியாவின் கை அடுப்புக்குப் போனபோது பட்டென்று ஒரு தட்டு தட்டினாள். "ஆறுன்னா ஆறு."

மதியம் தாண்டி டாக்டர் மறுபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"குடல்வாலு பழுப்பு. கட்டியோட ஓரத்துல இருக்கற நல்ல குடலும் பழுப்பு. கட்டி மட்டும் நீலம்." எழுந்து பிரியாவைப் பார்த்தார். "அந்தக் கட்டியில புரோட்டீன் நிஜமாவே இல்ல. ரிப்போர்ட் நாமளே குடுக்கறோம்மா."

பாண்டுரங்கன் அவரை ஏறக்குறையத் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "ஆத்தாடி, எவ்ளோ புள்ளி! அத்தினியும் எங்க ஆளுங்களா?"

டாக்டர் கட்டியை அனுப்பிய சர்ஜனுக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் ஒரு நோட்டைப் பிரியாவிடம் நீட்டி, "செஞ்ச முறை எல்லாத்தையும் இதுல எழுதும்மா. இனிமே இந்த டேபிள் உன்னுது. பழைய பெஞ்சுக்கு வேற ஆளைப் பாக்கறேன்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிருஷ்ணவேணி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஈரலுக்கு எத்தினி விசில்?"

"யாரோடதுங்க?" என்றாள் கிருஷ்ணவேணி.