மேகத்துக்குப் பின்னால் போன கட்டம்

படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போர் விமானத்தின் கேமரா எடுத்த படம். வானம் இருந்தது, மேகம் இருந்தது. உயரம், வேகம் காட்டும் எண்களின் மேல் கறுப்புப் பட்டை. அதுகூடப் போகட்டும், அவள் வேலை பார்த்த விமானப்படை அலுவலகத்தில் அது வழக்கம்தான். ஆனால் எந்தப் பொருளை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னார்களோ, அதன் மேலேயே ஒரு கறுப்புக் கட்டம் உட்கார்ந்திருந்தது.

படங்களில் ரகசியத்தை மறைக்கிறவர் பக்கத்து அறையில் இருந்தார். கறுப்பு மை பூசுகிறவர் என்பதால் எல்லாரும் அவரை மைக்காரர் என்பார்கள்.

"என்னங்க இது? பாக்கச் சொன்னதையே மூடிட்டா நான் எதைப் பாக்கறது?"

"இதுல பெரிய ரகசியமே அதுதாங்க மேடம்," என்றார் மைக்காரர், டீயை ஊதியபடி. "அதை விட்டுட்டு மத்ததை மறைச்சா சிரிக்க மாட்டாங்களா?"

"இப்ப மட்டும் அழறாங்களாக்கும்!"

சிரிக்கும் நிலையில் அவளும் இல்லை. அந்த விமானத்தை ஓட்டியவன் அவள் தம்பி. வானத்தில் ஏதோ பறந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். படத்தில் தெரிவது கேமராக் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு, அதைப் பறக்கும் பொருள் என்றது அவன் கண்கோளாறு என்று சொல்லி, பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவளும் அழுக்கு என்று எழுதிவிட்டால் அவன் இனிப் பறக்கவே முடியாது. தம்பி விவகாரத்தை அக்காவிடமே கொடுப்பார்களா என்றால், கொடுத்தார்கள். விமானியின் பெயரையும் மைக்காரர் மறைத்திருந்தார். கோப்பின்படி அவளுக்கு அது யாரென்று தெரியாது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தால் தெரியாமலா போகும்?

மதியம் அவனே போன் செய்தான். "என்னக்கா, தெரிஞ்சுதா?"

"ஒரு கட்டம் தெரியுது. நீ பாத்தது சதுரமாடா?"

"ஐயோ, நீள உருண்டைக்கா. இறக்கையே இல்லை."

"அப்ப உன் கண்ணு சரியில்லைதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எரிச்சலோடு படத்தை இம்மி இம்மியாக நகர்த்தினாள். மைக்காரர் சோம்பேறி இல்லை. பொருள் போன இடமெல்லாம் கட்டத்தையும் கூடவே அனுப்பியிருந்தார். எதிரில் ஒரு பெரிய மேகம் வந்தது. அதன் ஓரத்தில் கட்டம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. பிறகு மேகத்தின் மறுபக்கம் மெல்ல முளைத்தது.

அவள் மேலதிகாரியைக் கையோடு அழைத்து வந்து காட்டினாள். "கண்ணாடியில ஒட்டின அழுக்கு மேகத்துக்குப் பின்னால போய் ஒளியுமா சார்?"

மேலதிகாரி மைக்காரரைக் கூப்பிட்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு காம்பை மட்டும் வெளிய விட்டிருக்கீரே! மேகத்து மேலயும் கட்டம் போடும்."

"முடியாதுங்க சார். இருக்கறதை மறைக்கறதுதான் என் வேலை. இல்லாத இடத்துல போட்டா அது பொய். பொய் சொல்றது வேற செக்‌ஷன்."

"அப்ப மத்த இடத்துலல்லாம் ஏதோ இருந்துதுன்னு சொல்றீரா?"

"நான் எங்க சார் சொன்னேன்? மறைக்கத்தானே செஞ்சேன்."

மேலதிகாரி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார்.

"அழுக்குன்னு நான் எழுத மாட்டேன் சார்," என்றாள் அவள். "மேலிடத்துல ஏன்னு கேட்டா இந்த மேகத்தைப் போட்டுக் காட்டுவேன்."

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"அந்த விமானி, அவர் யாரோ, அவர் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. போதும்."

சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்பி எதிரில் வந்து நின்றான்.

"கண்ணு நல்லா இருக்காம்க்கா! திங்கக்கிழமை ஏறலாமாம். ஆனா அன்னிக்கு நான் ஒண்ணையும் பாக்கலையாம்."

"சரி."

"என்ன சரி? ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்க்கா!"

"பாத்தியில்ல, அப்புறமென்ன? வாயை மூடிட்டுப் போய்ப் பறடா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அது என்னதான்க்கா?" என்றான்.

"அதைக் கண்டுபிடிக்கத்தான்டா எனக்குச் சம்பளமே," என்றாள் அவள். "காட்டத்தான் மாட்டேங்கறாங்க."