பன்றிக்குத் திருப்பியவன்

கொண்டுவந்தவர்கள் அவனைச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். ராசம்மா முதலில் அந்தச் சாக்கைத்தான் உருவினாள். ரப்பர் ஷீட் கட்டுகிற சாக்கு. ரத்தம் காய்ந்து புருஷன் செல்லப்பனின் முதுகோடு ஒட்டியிருந்த இடத்தில் வெந்நீர் விட்டு ஊறவைத்து, மெள்ளமெள்ளப் பிரித்தெடுத்து வாசலுக்கு வெளியே வீசினாள்.

“ஏண்டி வீசுற? கீழ விரிக்கவாச்சும் ஆகும்ல,” என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி.

“சாக்கு வேணாங்க்கா. பாய் இருக்கு.”

மூன்று வருஷமாக அந்த வீட்டில் சாக்குக்கு இடம் இல்லை. மழை பிடித்தால் தோட்டத்துப் பெண்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ராசம்மா மட்டும் தெப்பமாக நனைந்துகொண்டு போவாள். புருஷன் சொல். டிரைவர் பெண்டாட்டிக்குத் தலைக்கனம் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் பேசின. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

வாசலில் கனகராஜ் அடிபட்ட கையைக் கழுத்துத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விடியற்காலையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். லோரியில் சரக்கு ஏற்றி இறக்குபவன். செல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

“லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்கு ஷீட் ஏத்திக்கிட்டுப் போறோம். பனின்னா பனி. வளைவுல கறுப்பா, குட்டையா ஒண்ணு நிக்குது. பன்னிதாண்ணே, ஏத்துண்ணேன்னு கத்துறேன். மனுசன் ஸ்டேரிங்க ஒடிச்சிட்டாரு. லோரி பள்ளத்துல. பன்னி பாட்டுக்குக் காட்டுக்குள்ள போவுது.”

“பன்னிக்குப் போயி எவனாச்சும் திருப்புவானா?”

“அவரு அப்படித்தான்யா. ரோட்ல கட்ட கெடந்தாலும் நிப்பாட்டி எறங்கிப் பாப்பாரு. ‘கட்டைக்கு சலாம் வச்சாச்சா, போலாமா’ன்னு கேப்பேன். சிரிக்கவே மாட்டாரு.” கனகராஜ் கைக்கட்டை இழுத்து விட்டுக்கொண்டான். “இன்னிக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு வந்தேன்.”

அந்தக் காட்டுச் சாலையில் யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மான் ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும், அதுவும் போகட்டும் என்று நிற்க வேண்டும். இதெல்லாம் ஓட்டுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. பன்றி மட்டும் தோட்டத்துத் துரையின் உத்தரவு: திருப்பாதே, நேராக ஏற்று. இரண்டு பக்கமும் பள்ளம், லோரி போய்விடும். அடிபட்ட பன்றி பாயும், அதனால் நிறுத்தவும் கூடாது. துரை விடியுமுன் அந்தச் சாலையில் ஒரு நாளும் போனதில்லை.

பாடை கட்டி முடிகிற நேரத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் சேறு படாமல் கல் பார்த்துக் கால் வைத்து வந்தார். கையில் ஒரு காகிதமும் மைப்பெட்டியும்.

“இஞ்ச பார் ராசம்மா, துரைக்கும் மனவருத்தம்தான். ஆனால் போலீசுக்கு ஒரு காரணம் எழுத வேணும். பன்னிரண்டு வருசம் லொறி ஓடின மனுசன் ஒரு பன்றிக்கு ஏன் திருப்புறான்? கள்ளுக் குடிச்சிருந்தவன் எண்டு எழுதியிருக்கு. பெருவிரலை வை, அவ்வளவுதான்.”

ராசம்மா காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து போகிற போக்கு தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆள் இதே மாதிரிக் காகிதம் ஒன்றை எழுதி, இதே லயத்தில் வேறொருவனிடம் பெருவிரல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வேறொருவன் பாடைக்குப் பக்கத்திலிருந்து எழுந்தான். சின்னத்தம்பி. கையில் கயிறு.

“ஐயா, அண்ணன் கள்ளுக்கடைப் பக்கமே வர மாட்டாரு. ஊருக்கே தெரியும். குடிக்கலன்னு எழுதுங்க, நான் வைக்கிறேன் பெருவெரல.”

“நீ சும்மா இரு. அப்ப ஏன் திருப்பினவன்? சொல்லு.”

சின்னத்தம்பி ராசம்மாவைப் பார்த்தான். சொல்லுங்கக்கா, நீங்க சொல்லுங்க என்கிற பார்வை. கூட்டமும் அவளைத்தான் பார்த்தது.

பெருவிரலை வைத்தால் முடிந்துவிடும். பிணம் மறுத்துப் பேசப்போவதில்லை. வைக்காவிட்டால் காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் இவன் முன்னால். பெண்டாட்டி காளியம்மா செத்த அன்று இந்தச் சின்னத்தம்பிக்குச் சோறு பிசைந்து கொடுத்தவளே ராசம்மாதான். உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டு, இன்னும் ஒரு வாய் சாப்பிடு தம்பி என்று சொன்னவள். புருஷனுக்காக வாயைக் கட்டியவள். இப்போது யாருக்காகக் கட்டுவது?

“அவரு குடிக்கல,” என்றாள். “ஒரு தடவ பன்னின்னு நெனச்சுத் திருப்பாம ஏத்தினாரு. அது மனுசியாப் போச்சு. அதுலேருந்து எதுக்கும் ஏத்த மாட்டாரு.”

“ராசம்மா, தேவையில்லாத கதை...”

“மழை. இருட்டு பிரியல. தலையில சாக்கப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு கால்ல அட்டை புடுங்கிக்கிட்டு இருந்திருக்கா. பன்னி குத்திச் செத்தான்னு எழுதினது நீங்கதான் கிராணி ஐயா. இதையும் எழுதிக்குங்க.”

பெயர் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் பன்றி குத்திச் செத்தவள் ஒருத்திதான். பன்றி செத்தால் அங்கே விசாரணை கிடையாது. கூலிக்காரி செத்தால் பன்றியின் மேல் எழுதிவிடலாம்.

வாசலில் அடித்துக்கொண்டிருந்த பறை நின்றுவிட்டது. சாம்பசிவம் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கல் பார்க்காமல் சேற்றில் நடந்து போனார்.

சின்னத்தம்பி அவர் போவதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு குந்தி உட்கார்ந்து, மீதி இருந்த முடிச்சைப் போட்டான். இழுத்துப் பார்த்தான். “தூக்கலாம்,” என்றான். முன்பக்கம் இடதுபுறம் அவன்தான் தோள் கொடுத்தான். பாடை ஒரு கணம் அவன் பக்கமாகச் சாய்ந்தது, பிறகு நேரானது.

பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் ராசம்மாவின் தோளைத் தொடவில்லை. புஷ்பவள்ளி மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, “ஏண்டி, இத்தன நாளா...” என்று தொடங்கி, முடிக்காமல் வீட்டைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஆண்கள் ஆற்றில் முழுகிவிட்டுத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வாசல் வரை வந்து, விளக்கைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள். கனகராஜ் போனான். கடைசியாக வந்த சின்னத்தம்பி போகவில்லை. படிக்குக் கீழே நின்றான்.

ராசம்மா வெளியே வந்தாள். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் வந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“ரோட்லதான் அடிச்சாரா?”

“நடு ரோட்ல. எறங்கிப் பாக்கல. ஸ்டேஷன்ல சரக்க எறக்கிட்டுத் திரும்பி வரும்போதுதான் தெரிஞ்சுதாம்.” அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவசரமாகச் சொன்னாள்: “அடிச்ச ஒடனே போயிட்டா தம்பி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாரு. எத்தனையோ தடவ சொன்னாரு. தூக்கத்துல எழும்பிக்கூடச் சொல்லுவாரு, ஒடனே போயிட்டா, ஒடனே போயிட்டான்னு.”

சின்னத்தம்பி தலையை ஆட்டினான். சரி என்கிற ஆட்டம் அல்ல.

“நான் போய்த் தூக்கினப்ப அவ ரோட்ல இல்லக்கா. மேட்டுல, மரத்தடியில கெடந்தா. ரோட்டுலேருந்து அங்க வரைக்கும் புல்லு படுத்திருந்துச்சு. பன்னிதான் இழுத்துக்கிட்டுப் போயிருக்குன்னு கிராணி சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். பன்னியே இல்லன்னா, அவளாத்தானக்கா ஊர்ந்து போயிருக்கா?”

ராசம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் இடுப்பு வேட்டியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் செம்மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுவது நின்ற பிறகும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.