பூட்டுக்காரர் வீட்டுக் குளியலறை

ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிட்ட பூட்டுக்காரருக்கு இப்போது சட்டைப் பித்தான் போடவே ஆள் வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்து வலது கையை மரக்கட்டையாக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கை மறுபடி ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால்தான் கடை திறக்கும். இல்லையென்றால் ஷட்டர் மூடியது மூடியதுதான்.

"கை நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள் பிசியோதெரபி பெண். "அதை ஆட்டி வச்ச மூளையிலதான் அடி. மூளையிலயே பக்கத்துல இருக்குற இடம் அந்த வேலையக் கத்துக்கும். ஆனா வேலை கொடுத்தாத்தான்! தினமும் கொஞ்ச நேரம் இடது கையக் கட்டிப்போடுங்க."

மனைவி அடுப்படிக் கையுறையை இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஆனால் மனசு கேட்க வேண்டுமே! அவர் ஸ்பூனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் தானே ஊட்டிவிடுவாள். பிறகு வலது கை எதற்கு மெனக்கெடும்?

ஒரு நாள் காலை, கையுறையோடு அவர் உட்கார்ந்திருக்க, குளியலறைக்குள்ளிருந்து அலறல்.

"ஏங்க! கைப்பிடி சும்மா சுத்துது, கதவு திறக்கல!"

"இரு, பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுவீங்க, கூப்பிடுவீங்க! தலையெல்லாம் நுரை, துண்டு வெளியில கிடக்கு. என் மானத்த வாங்கவா?"

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். அவள் போட்ட முடிச்சு, அசையுமா? வேறு வழியில்லாமல் வலது கையை டூல் பெட்டிக்குள் விட்டார்.

ணங்!

"ஐயோ, விழுந்தது நீங்களா?"

"நான் விழுந்தா இப்படியா சத்தம் வரும்? ஸ்க்ரூ டிரைவர்டி."

மறுபடி எடுத்தார். மறுபடி ணங். வியர்த்துக் கொட்டியது. அடுத்த முறை கட்டைவிரல், தூக்கம் கலைந்தது போல, மெல்லப் பிடியில் அழுந்தியது. முனை திருகாணியில் உட்கார்ந்ததும் மணிக்கட்டு கோணலாகத் திரும்பியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். திருகாணி தரையில் உருண்டது.

உள்ளே அவள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கைப்பிடியைக் கழற்றி, ஓட்டைக்குள் முனையை விட்டுத் திருப்பினார். டக்.

கதவிடுக்கில் ஒரு நுரைத் தலை. "துண்டு!"

நீட்டினார். வாங்கப் போனவள் அப்படியே நின்றாள். நீட்டியது வலது கை. இடது கையில் அவள் போட்ட முடிச்சு அவிழவே இல்லை.

"ஏங்க..." சட்டென்று சமாளித்துக்கொண்டாள். "இந்தக் கைப்பிடிய மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

"நாளைக்கு மாத்துறேன்டி."

நோய் வந்த பிறகு அவர் வாயில் வராமலே போயிருந்த பழைய பொய். கதவுக்குப் பின்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மதியம் தட்டையும் ஸ்பூனையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கொட்டுங்க, பரவால்ல. ஆனா தொடைக்கிறது நீங்கதான்."