மூன்றாம் கவுண்டரில் கொடுத்த கடிதம்

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், சுங்க அலுவலகத்தின் பேச்சை எடுத்தால் போதும், சரக்கைப் பார்த்துத் தீர்வை போடும் அப்ரைசராக இருந்தவருக்கு முகம் மலர்ந்துவிடும். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அதை இழுத்துக்கொண்டு அந்த நீளக் கூடத்துக்கே வந்து சேர்வார். ஆறு கவுண்டர்கள், உயரமான மர ஸ்டூல்கள், சணல் சாக்கும் ஈரக் காகிதமும் கலந்த வாசனை. அவருடையது மூன்றாவது கவுண்டர். நாலாவதில் சிடுமூஞ்சி. அந்த மனிதருக்கும் அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிடுமூஞ்சியிடம் நாலு பேர் நின்றால், இவருடைய வரிசை வாசல் வரை நீளும். இதைச் சொல்லும்போது அவர் குரல் இப்போதும் கொஞ்சம் குழையும். பெருமைதான், வேறென்ன.

"ஜனங்க என்னைத்தான் தேடி வருவாங்க. முகம் கொடுத்துப் பேசணும், அவ்வளவுதான் விஷயம்" என்பார். அவர் மனைவிக்கு இது மனப்பாடம். சில நாள் அவர் வாய் திறக்குமுன் அவளே சொல்லி முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அன்று காலை அவரைத் தேடி ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், காது மிஷின் கடை வைத்திருப்பவள். செருப்பைக் கழற்றும்போதே, "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாம என்ன! வாங்க, வாங்க" என்றார் வாய் நிறைய. சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆனால் பழைய கூடத்திலிருந்து ஒருத்தி வந்துவிட்டாளே என்று மனம் துள்ளியது. "அந்த ஹால்ல மதியம் வெயில் விழுமே, பாத்திருப்பீங்களே" என்று ஆரம்பித்தார்.

"பாத்திருக்கேன் சார். ரெண்டு மணி நேரம் அதுலதான் நின்னேன்" என்றாள் அவள். குத்தலாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அவருக்குச் சுருக்கென்றது.

வந்த விஷயத்தைச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன் காது மிஷினுக்கான பொடி பேட்டரிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். இது கைக்கடிகார பேட்டரி என்று அலுவலகம் மூன்று மடங்கு தீர்வை போட்டது. சரக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததால் கட்டிவிட்டாள். கட்டும்போதே, 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று கடிதமும் கொடுத்தாள். போன மாதம் வேறொரு வியாபாரியின் வழக்கில் தீர்ப்பாயம், அது மருத்துவச் சாமான்தான் என்று சொல்லிவிட்டது.

"பணத்தைத் திருப்பிக் கேக்கலாம் சார். ஆனா கட்டின ஒரு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணுமாம். ஆட்சேபத்தோட கட்டியிருந்தா மட்டும் அந்தக் கெடு கிடையாது."

"ஆமாமா. விதி எனக்குத் தெரியாதா?" என்றார்.

"நாலாவது கவுண்டர்ல கொடுத்தவங்க கடிதத்துல எல்லாம் சீல் இருக்கு. அவங்க மனுவை ஆபீஸ்ல எடுத்துக்கிட்டாங்க. என் நகல்ல சீல் இல்ல. கேட்டேன் சார். 'சீல் எதுக்கும்மா, நான் பாத்துக்கறேன், நீங்க போய் கடையைப் பாருங்க'ன்னு சொன்னீங்க. எவ்வளவு தங்கமான மனுஷன்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

அந்த வார்த்தைகள் அவருடையவைதான். சீல் குத்தினால் ஆட்சேபப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மேலதிகாரி கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அதற்குப் பதில், கடிதத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கி இழுப்பறையில் போட்டுவிடுவார். அலுவலகம் இடம் மாறியபோது இழுப்பறைகளில் கிடந்த காகிதமெல்லாம் எடைக்குப் போயிற்று.

அவள் பையிலிருந்து ஒரு பிரமாணப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். வக்கீல் எழுதிக் கொடுத்தது. 'இவர் இக்கடிதத்தை என்னிடம் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.' கையெழுத்துதான் பாக்கி.

"கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. பீரோ பக்கம் நின்று சிடுமூஞ்சிக்கு போன் போட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"என்னய்யா?" என்று வள்ளென்று விழுந்தது குரல். மாறவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ ஏன் எவன் எதை நீட்டினாலும் சீல் குத்தின?"

"குத்தாம? எனக்கு எவன் மூஞ்சியும் ஞாபகம் நிக்காதுய்யா. பொண்டாட்டி புதுப் புடவை கட்டினா யாரோன்னு பாப்பேன். நாளைக்கு ஒருத்தன் வந்து கொடுத்தேன்னு சொன்னா நான் என்னத்தக் கண்டேன்? அதான் குத்திக் கையில கொடுத்துத் துரத்திருவேன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "இது வெளிய தெரிஞ்சா பென்ஷன்ல கை வெச்சுருவாங்களா?" என்றாள் மெதுவாக.

"தெரியல."

"அந்தம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லடி" என்றார். அத்தனை வருடம் அத்தனை பேரிடம் சிரித்திருக்கிறார். ஒரு முகம், ஒரே ஒரு முகம் மிஞ்சவில்லை.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "அம்மா, நான் சொன்னது பொய். உங்களை எனக்கு ஞாபகம் இல்ல. இதுல கையெழுத்துப் போட முடியாது."

அவள் முகம் வாடிவிட்டது. பத்திரத்தை மடிக்கப் போனாள்.

"இருங்க, இருங்க. எனக்குத் தெரிஞ்சதை எழுதித் தரேன்."

வெள்ளைத் தாள் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். மூன்றாம் கவுண்டரில் தான் இருந்த ஒன்பது வருடமும் ஆட்சேபக் கடிதங்களை வாங்கியதாகவும், ஒன்றுக்கும் சீல் குத்தியதில்லை, ஒன்றையும் பதிவேட்டில் ஏற்றியதில்லை என்றும், சீல் கேட்டவர்களைத் தானே சமாதானம் சொல்லி அனுப்பியதாகவும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும் எழுதினார். பேர், பதவி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினார்.

"இது செல்லுமா, உங்க வக்கீல்தான் சொல்லணும். ஆனா இதுல பொய் இல்ல."

அவள் ஒரு தடவை படித்தாள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை. புடவைத் தலைப்பால் கண்ணை அழுத்திக்கொண்டாள்.

"பணம் வருதோ இல்லையோ சார். கடையில பாதிப் பங்கு என் நாத்தனாருக்கு. கடிதம் கொடுத்தேன்னு நான் சொல்றது சுத்தப் பொய்னு அவங்க வீடு வீடா சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரரும் நம்பல." தாளை மடித்துப் பையில் வைத்தாள். "கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம். நெசமாவே கொடுத்தேனா, இல்ல மனசுல நெனச்சதைத்தான் கொடுத்ததா நெனச்சுக்கிட்டேனான்னு."

"கொடுத்தீங்கம்மா" என்றார் அப்ரைசர். "'சீல் எதுக்கும்மா'ங்கறது என் வார்த்தைதான். கையில வாங்கினேனே தவிர, சீல் குத்தி நாந்தான் வாங்கல."