உன்கிட்டயா சொன்னார்?

ஒரு பக்கக் கன்னத்தை அவள் மழித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் ரேசரைக் கிண்ணத்து நீரில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போதும், விடு," என்றார். "பாதி முகமாவது பார்க்கிற மாதிரி இருக்கா?"

"கல்யாணத்தன்னிக்கே பாதிதான் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. பேசாம படுங்க."

அவர் சிரிக்கப் போய் இருமினார். அவள் தலையணையை ஏற்றி வைத்து, இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பி நாலு நாள் ஆகிறது. காலையில் ஊசி போட வந்த நர்ஸ், போகும்போது அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, "பார்க்கணும்னு நினைக்கிறவங்க இன்னிக்கே வந்துடட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பார்க்க வேண்டியவன் மகன் ஒருவன்தான். அவன்தான் வரமாட்டேன் என்கிறான்.

அவர் முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டியவர். ஒரு தடவைகூடச் சிகப்பு சிக்னலைத் தாண்டியதில்லை என்று, ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டுச் சொன்னார்கள். வீட்டிலும் அப்படித்தான். வீடு மாற்றுவதா, கண் ஆபரேஷனா, புது மிக்ஸியா, எதுவானாலும் "கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். யாரைக் கேட்பார் என்று அக்கம்பக்கத்துக்கே தெரியும். விடிந்ததும் கட்டிலோரம் முழங்கால் போட்டு ஆண்டவரிடம் கேட்பார். மனதில் ஓர் அமைதி வந்தால் காரியம் நடக்கும். வராவிட்டால் அப்படியே நிற்கும். மிக்ஸிக்கு நாலு மாதம் ஆனது. அதுவரை அவள் பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வந்தாள்.

மகன், அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவன். வயிற்றில் இருக்கும்போதே "இது உமக்கு, உம்ம ஊழியத்துக்கு" என்று நேர்ந்துகொண்டார். தெருவில் அவனுக்குக் குட்டிப் பாதிரி என்றே பெயர். குட்டிப் பாதிரி வளர்ந்து வேதாகமக் கல்லூரிக்குப் போனான். இரண்டாம் வருஷம் பெட்டியோடு திரும்பி வந்து, "எனக்கு இது வரலப்பா," என்றான். அடுத்த மாதமே வேறு ஊரில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான்.

"சபைக்கு ஜீவ அப்பம் குடுப்பான்னு நேர்ந்துக்கிட்டீங்க. ஏதோ ஒரு அப்பம், விடுங்க," என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

மகனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவனை நான் குடுத்துட்டேன். குடுத்ததை நானாப் போய் எடுத்துக்க முடியாது. ஆண்டவர் சொல்லட்டும், கூப்பிடறேன்," என்றார். ஆறு வருஷம் ஆயிற்று. முதலில் தினமும் காலையில் "சொன்னாரா?" என்று கேட்டாள். பிறகு அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு அதையும் விட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் மகன் அவளுக்குப் போன் செய்வான். அந்த நேரம் பார்த்து அவர் அதே அறையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அவள் ஊருக்கே கேட்கும்படி பேசுவாள். "என்னது, காய்ச்சலா? மூணு நாளாவா?" துடைக்கிற கை நின்றுவிடும். "இப்போ பரவாயில்லையா?" கை மறுபடி அசையும். அத்தனை துடைத்தும் அந்தக் கண்ணாடி தேயாமல் இருந்ததே பெரிது.

இன்று காலை, நர்ஸ் படியிறங்கியதும், அங்கேயே நின்று மகனைக் கூப்பிட்டாள்.

"அப்பா கூப்பிடச் சொன்னாராம்மா?"

"நான் கூப்பிடறேன்டா."

"அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, ஓடி வந்துடறேன். நானா வந்து நின்னு, அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னா என்னால தாங்க முடியாது." போனை வைத்துவிட்டான்.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை! ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார், இன்னொருவன் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் அவள் மிதிபடுகிறாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பில் பாலை வைத்தாள். கண்ணை மூடாமல், மேடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "இதோ பாரும் ஆண்டவரே, நேரம் இல்லை. நீரே அவர்கிட்ட சொல்லிடும். இல்லைன்னா நானே சொல்லிடுவேன்," என்றாள்.

காத்திருந்தாள். குழாயில் நீர் சொட்டியது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் வந்தாள்.

"ஆண்டவர் சொல்லிட்டார்," என்றாள். "கூப்பிடச் சொல்றார்."

சந்தேகப்படுவார், கோபப்படுவார் என்றுதான் நினைத்திருந்தாள். தபால்காரர் தன் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் கடிதம் கொடுப்பதைப் பார்க்கிறவரின் முகம்போல ஆகிவிட்டது அவர் முகம்.

"உன்கிட்டயா சொன்னார்?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல? தினமும் கேட்டேனே."

பொய் என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஐயோ, இந்த மனிதர் ஆறு வருஷமாக ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்திருக்கிறார், அதைப் போய் அடுப்படியில் வைத்துக் களவாடிவிட்டேனே என்று இருந்தது.

"எப்படி இருந்துச்சு, சத்தம்?" என்று கேட்டார், ஆசையாக.

"கோபமாதான் இருந்தார்," என்றாள்.

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "போனைக் குடு."

எண்ணை எடுத்துத் தர அவள் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவரே எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டிராத எண் அது.

"சொல்லும்மா," என்றது குரல்.

அவர் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார்.

"டேய்," என்றார். "பத்தரை வண்டியைப் பிடி. அதுக்கு முன்னாடி ஒண்ணு வரும், ஏறிடாதே. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு கழுத்தறுக்கும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரிப்பா."

"முன்னாடி பெட்டியில ஏறு. இங்க இறங்கினா படிக்கட்டு பக்கத்துலயே இருக்கும்."

"சரிப்பா."

அவ்வளவுதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வண்டியை ஓட்டினார். "கிளம்பிட்டான்," என்றார் பத்தரைக்கு. பதினொன்றே காலுக்கு, "பாலம். இங்க வேகம் குறைக்கணும்." பால் இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபித்தார். அவரை வழியனுப்பக் கீழ்வாசல்வரை போனவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ்டர், ஆண்டவர் சொன்னார்னு ஒருத்தங்க பொய் சொல்லிட்டாங்க. நல்லதுக்குத்தான். அது எவ்வளவு பெரிய பாவம்?"

"யாரும்மா சொன்னது?"

"தெரிஞ்சவங்க."

பாஸ்டர் அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். "யார்கிட்ட சொன்னாங்களோ அவர்கிட்டயே உண்மையைச் சொல்லிடச் சொல்லுங்க. மனசு லேசாகும்," என்றார்.

அவள் மேலே வந்தபோது போன் அவர் நெஞ்சின்மேல் கிடந்தது. கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

"அப்புறம் சொல்லு," என்றார் கண்ணைத் திறக்காமல். "வண்டி வளைவுல இருக்கு."

ஒன்றரை மணிக்குக் குரல் அடியோடு இறங்கிவிட்டது. அவள் காதை வாயருகே கொண்டுபோனாள். "சிமெண்ட் ஆலை தாண்டிட்டான்," என்றார். அடுத்தது என்ன என்று அவள் கேட்கக் காத்திருந்தாள். கடிகாரம் இரண்டைத் தொட்டது, தாண்டியது. அவர் கையைப் பிடித்தபடி, அடுத்த ஸ்டேஷனுக்காக அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவர் கண்ணிமைகளை மெல்ல நீவிவிட்டாள்.

மகன் மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டான். படியேறும்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் அத்தனை செருப்புகள். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டு வெளியே போனார்கள். அவன் கட்டிலருகே வந்து நின்றான். அப்பாவின் நெற்றியில் கையை வைத்தான். முகம் கோணியது. சத்தம் வரவில்லை.

அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"டேய், ஆண்டவர் ஒண்ணும் சொல்லலடா. நான்தான் பொய் சொன்னேன். அவர் அதை நம்பித்தான் உன்னைக் கூப்பிட்டார். நான் உண்மையைச் சொல்றதுக்குள்ள போயிட்டார்."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"பன்னெண்டு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். 'உங்கம்மா பாஸ்டரோட கீழே போயிருக்கா, சீக்கிரம் சொல்லிடறேன்'னார்." அவன் கையை எடுக்காமலே பேசினான். "'ஆண்டவர் சொன்னார்னு அவ பொய் சொல்றாடா. பொய் சொன்னா அவளுக்குக் குரல் உசந்துடும், எனக்குத் தெரியாதா? என்கிட்டயும் அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல. நானாதான் கூப்பிடறேன். நீ வா'ன்னார்."

அவள் நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டாள். அவன் அதில் உட்கார்ந்தான். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறான், கறுப்பு ஷூ முழுக்க மாவு அப்பியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, அவன் ஒரு காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.